விசாரிக்க வந்தவர்

எங்கள் வீட்டுச் சட்னி எப்போதும் மை மாதிரி அரைபட்டிருக்கும். தேங்காய் நாக்கில் தட்டுப்படவே படாது. "கொஞ்சம் கொரகொரன்னு எடுத்தாத்தான் என்னம்மா? குடியா முழுகிடும்?" என்று நான் சலித்துக்கொள்ளாத நாளில்லை. மறுநாளும் அம்மா மையாகவே அரைப்பாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது என்பது எனக்குச் செங்கல்பட்டு கோர்ட்டில்தான் தெரிந்தது, அதுவும் பத்துப் பதினைந்து அந்நியர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது.

இரண்டாயிரங்களின் முதல் பாதி அது. எனக்கு இருபத்து நாலு வயது. பம்மலில் ஒரு வீட்டின் கீழ்ப் போர்ஷனில் நானும் அம்மாவும் குடியிருந்தோம். அப்பா நான் பத்தாவது படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு, தோல் கையுறை செய்யும் ஒரு பட்டறைக்கு உள்துணி தைத்துக் கொடுப்பாள். நான் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி ஆபீசில் டைப்பிஸ்ட். தினமும் ஷேர் ஆட்டோவில் பல்லாவரம் ஸ்டேஷன், அங்கிருந்து மின்சார ரயில்.

ஒரு நாள் காலை அந்த ஷேர் ஆட்டோவில் எனக்குக் கிடைத்தது ஓரத்து இடம். பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. திருப்பத்தில் ஒரு வேன் வந்த வேகத்தில் என் பக்கமாக இடித்தது. ஆட்டோ கவிழ்ந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. எனக்கு வலது இடுப்பு நொறுங்கியது.

தகடு, திருகாணி எல்லாம் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். மாதக்கணக்கில் படுக்கை. எழுந்தபோது வலது கால் இடது காலைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் குட்டையாகியிருந்தது. தரையில் உட்கார முடியாது, குனிய முடியாது. வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டிருந்தாள். இதெல்லாம் போகட்டும் என்றால், டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து இன்னொன்று சொன்னார். இடுப்பு மூட்டில் பந்து மாதிரி இருக்கும் எலும்புக்கு ரத்தம் போகவில்லை, அது கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது, இரண்டு மூன்று வருஷத்துக்குள் செயற்கை மூட்டு வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் நடக்கவே முடியாது. உள்துணி தைத்துச் செயற்கை மூட்டு வாங்க முடியுமா? ஆகவே எங்களுக்கு அந்த நஷ்டஈட்டு வழக்குதான் எல்லாம். அது ஜெயித்தால் நான் நடப்பேன்.

வேன் மேல் தப்பு என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. வேன் டிரைவரே போலீசில் ஒப்புக்கொண்டுவிட்டார். சண்டையெல்லாம் என் காயம் எவ்வளவு பெரியது என்பதில்தான். எங்கள் வக்கீலுக்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஆபீஸ். முன்கோபி, ஆனால் நல்ல மனுஷர். "எலும்பு உடையறது பெரிய விஷயம் இல்லம்மா. சேர்ந்துடுச்சுன்னு வேனோட இன்சூரன்ஸ்காரன் சொல்லிட்டுப் போயிடுவான். சேர்ந்தப்புறம் உன்னால என்ன முடியல? அதைத்தான் நாம காட்டணும்" என்றார்.

காட்டுவதற்காக என்னை ஒரு அரசு டாக்டரிடம் அனுப்பினார். ஜியாமெட்ரி டப்பாவில் இருக்குமே கோணமானி, அதில் பெரிதாக ஒன்றை என் இடுப்பில் வைத்து, கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளந்தார் அவர். அளந்து முடித்து, நாற்பது சதவீத நிரந்தர ஊனம் என்று எழுதினார். எனக்குச் சுள்ளென்று வந்தது. "மிச்சம் அறுபது நல்லா இருக்கா டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அதை நீதாம்மா சொல்லணும்" என்று கையெழுத்துப் போட்டார்.

குட்டைக் காலுக்காகச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து வலது செருப்பின் அடியில் கூடுதல் அட்டை ஒட்டியிருந்தேன். அதைப் போட்டால் நொண்டல் பாதிதான் தெரியும். வக்கீல் அந்தச் செருப்பைப் பார்த்துவிட்டு, "கோர்ட்டுக்கு வர்றப்போ இதை வீட்ல கழட்டி வெச்சுட்டு வா தாயே" என்றார். அம்மாவோ, "தெருவுல இறங்கினா இதைப் போடாம இறங்காதே" என்பாள். அந்த ஒரு ஜோடிச் செருப்பு படாத பாடு பட்டது.

அம்மாவின் கவலை வேறு. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வழக்கு இருக்கிறது என்பதையே அவள் வெளியே சொல்ல மாட்டாள். யாராவது கேட்டால், "லேசா அடி பட்டுச்சு, இப்போ சுத்தமா சரியாயிடுச்சு." இந்தச் சமயத்தில்தான் கல்யாணத் தரகர் கீழ்க்கட்டளையிலிருந்து ஒரு வரனைக் கொண்டுவந்தார். எனக்கு விருப்பமே இல்லை என்று சொன்னால் அது பொய். போட்டோவை நான் இரண்டு தரம் எடுத்துப் பார்த்தேன்.

பெண் பார்க்க வந்தார்கள். வீட்டுக்குள் செருப்பு போட முடியாதே! அதனால் அவர்கள் வருவதற்கு முன்பே அம்மா என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டாள். காபித் தட்டை மாடி வீட்டு அக்கா கொண்டுவந்தாள். "நமஸ்காரம் பண்ணும்மா" என்று பையனின் அம்மா சொன்னபோது, "கால்ல சுளுக்குங்க, நேத்துதான்" என்று எங்கள் அம்மா முந்திக்கொண்டாள். நான் கை கூப்பினேன். பையனின் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. புடவைக் கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பையன் ஒரு தரம் சிரித்தான். எனக்கு அது போதுமாக இருந்தது.

"போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்று கிளம்பினார்கள். தரகர் பின்தங்கி அம்மாவின் காதில் சொன்னார்: "பிடிச்சிருந்தா எப்படியும் ஆள் விட்டு விசாரிப்பாங்க. அக்கம்பக்கத்துல சொல்லி வெச்சுக்கோங்க."

அம்மா சொல்லிவைத்தாள். மாடி வீட்டு அக்கா, முனைக் கடைக்காரர், எதிரே வண்டி போட்டிருந்த இஸ்திரிக்காரர், ஒருவரையும் விடவில்லை. யாரும் மறுக்கவில்லை. ஒரு பெண்ணுக்கு நல்லது நடக்கட்டும் என்று எல்லாருமே நினைத்தார்கள். அதைச் சொல்லாமல் நான் மேலே போகக்கூடாது, ஏனென்றால் அப்புறம் அவர்கள் எல்லாரையும் நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

பத்து நாள் கழித்து அந்த மனிதர் வந்தார். முழுக்கைச் சட்டை, கையில் ஹெல்மெட், கக்கத்தில் ஒரு ஃபைல். தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, "இந்த வீட்ல ஒரு பொண்ணு இருக்காமே, எப்படி?" என்று இஸ்திரிக்காரரிடம் விசாரித்திருக்கிறார். இஸ்திரிக்காரர் காத்துக்கொண்டுதானே இருந்தார்!

"அந்தப் பொண்ணா? தங்கம் சார் அது. வூட்டு வேலை அல்லாம் அதுதான் செய்யுது. தண்ணி லாரி வந்துச்சுன்னா இடுப்புல ஒரு கொடம், கையில ஒரு கொடம் தூக்கிகினு ஓடும். இன்னா சுறுசுறுப்புன்ற!"

மாடி வீட்டு அக்கா, துணி காயப்போட நான் மொட்டைமாடிக்கு இரண்டிரண்டு படியாக ஏறுவேன் என்றாள். கடைக்காரர் தன் பங்குக்கு, நான் சைக்கிள் மிதிப்பேன் என்று ஒரு போடு போட்டார். எனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது. கடைசியில் அந்த மனிதர் எங்கள் வாசலுக்கு வந்தார். நான் அன்று உடற்பயிற்சி சிகிச்சைக்குப் போயிருந்தேன். "பொண்ணு எங்கம்மா?" என்று அவர் கேட்க, "வேலை தேடிப் போயிருக்கா, ஒரு இடத்துல சும்மா உக்கார மாட்டா" என்றிருக்கிறாள் அம்மா. வாசலில் அம்மா போட்ட கோலம் இருந்தது. பெரிய படிக்கோலம், செம்மண் கட்டியது. "இதுவும் அவதான். காலையில குனிஞ்சான்னா முடிச்சுட்டுத்தான் நிமிருவா."

அவர் கோலத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டார். அம்மா அவருக்குக் காபி கொடுத்தாள். நான் திரும்பி வந்தபோது வீட்டில் கேசரி வாசனை. "முடிஞ்ச மாதிரிதான்டி. கோலத்தை எல்லாம் போட்டோ எடுத்துட்டுப் போறாரு, பையனோட அம்மாவுக்குக் காட்டத்தானே?" என்றாள். அப்பா போன பிறகு அவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. நானும் கேசரியை இரண்டாம் தரம் போட்டுக்கொண்டேன்.

அடுத்த மாதம் வழக்கு. நானும் டாக்டரும் ஏற்கெனவே சாட்சி சொல்லியிருந்தோம். அன்று இன்சூரன்ஸ் தரப்புச் சாட்சி. வக்கீல் சொன்னபடி நான் வெறும் ரப்பர் செருப்போடு, நன்றாகவே நொண்டிக்கொண்டு போய், கோர்ட் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயய்யோ, அவரு!"

"யாரும்மா?"

"மாப்பிள்ளை வீட்டு ஆளு. விசாரிக்க வந்தாருன்னு சொன்னேனே. அதோ, தூண்கிட்ட. இவரு எங்கடி இங்க வந்தாரு?" என் தோளை அழுத்தினாள். "எழுந்திருக்காதே. நடந்து தொலைக்காதே. அப்படியே சிரிச்ச முகமா உக்காந்திரு. நான் பேசிக்கிறேன்."

நான் தடுப்பதற்குள் அம்மா அவரிடம் போய்க் கை கூப்பினாள். "வாங்க, நல்லா இருக்கீங்களா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா? நாங்க சொந்தக்காரங்க கேஸ் ஒண்ணு, சும்மா துணைக்கு வந்தோம்." அந்த மனிதர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "நல்லா இருக்கேம்மா" என்று மட்டும் சொன்னார். உள்ளேயிருந்து எங்கள் வழக்கின் நம்பரைக் கூப்பிட்டார்கள். அவர் போய்ச் சாட்சிக் கூண்டில் ஏறினார்.

இன்சூரன்ஸ் கம்பெனியின் புலனாய்வாளராம். அவர் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. இரண்டு குடம், இரண்டிரண்டு படி, சைக்கிள் எல்லாம் எங்கள் தெரு அவருக்குச் சொன்னதுதான். காபி கொடுத்ததைக்கூடச் சொன்னார். கடைசியில் கோலத்தின் போட்டோவை நீட்டினார். அதற்கு ஒரு நம்பர் போட்டு எதிர்த்தரப்புச் சான்றாவணமாக எடுத்துக்கொண்டார்கள். போட்டோ மேஜைக்கு மேஜை கைமாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "அது நான் போட்டதுடி" என்றாள் என்னிடம், மெதுவாக. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

திரும்பும்போது ரயிலில் நான் அவளைப் பேசாத பேச்சில்லை. "நீதான் என் காலை உடைச்ச! வேன்காரன் ஒரு தரம் உடைச்சான், நீ இன்னொரு தரம் உடைச்சுட்ட!" எதிர் சீட்டுக்காரர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். காட்டாங்குளத்தூர் வந்தது. வழக்கமாக நான் அந்த ஸ்டேஷனில் கண்ணை மூடிக்கொள்வேன். அன்று அழுகையில் அது வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.  அன்று அம்மாவைப் பேசியதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் இன்றைக்கும் எடுத்துக்கொள்வேன்.

அம்மா தரகருக்குப் போன் போட்டாள். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அவங்க ஆளே அனுப்பலம்மா. பார்த்துட்டுப் போன அன்னிக்கே வேணாம்னுட்டாங்க. பொண்ணு எழுந்து நிக்கவே இல்லையேன்னு அந்தம்மா கேட்டாங்களாம். உங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரல."

வக்கீல் தாம் தூம் என்று குதித்தார். "உங்களுக்குக் கேஸ் வேணுமா கல்யாணம் வேணுமா? ஒண்ணு சொல்லுங்கம்மா!"

"ரெண்டும்தான் சார் வேணும். ஒரு பொண்ணுக்கு ரெண்டும் வேணாமா?" என்றாள் அம்மா.

அவர் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிவிட்டு, தனியாக மனுப் போட்டு அம்மாவைச் சாட்சியாகக் கூப்பிடுகிறேன் என்றார். வேறு வழியில்லை. கோலம் யார் போட்டது என்று அம்மாதான் சொல்ல வேண்டும்.

அம்மா கூண்டில் ஏறிய அன்று கையில் கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கோலம் நான் போட்டது, என் மகளால் குனிய முடியாது, அந்த ஐயா மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்துப் பொய் சொன்னேன் என்றாள். இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"கல்யாணத்துக்காக அன்னிக்குப் பொய் சொன்னீங்க. சரி. இன்னிக்குப் பணத்துக்காகப் பொய் சொல்லலைன்னு கோர்ட் எப்படிம்மா நம்பறது?"

 எங்கள் வக்கீல் மேலே இருந்த ஃபேனைப் பார்த்தார். என் மூட்டு, என் நடை எல்லாம் அந்த ஒரு கேள்வியில் தொங்கியது.

"அன்னிக்குச் சொன்னப்போ வாய்க்கு நல்லா இருந்துச்சு சார்" என்றாள் அம்மா. "இதைச் சொல்ல வாயே வரமாட்டேங்குது. ரெண்டு வருஷமா யார்கிட்டயும் சொல்லல. எங்க வீட்ல இந்தியன் டாய்லெட்டு. பிளாஸ்டிக் சேர்ல நடுவுல அறுத்து ஓட்டை போட்டு வெச்சிருக்கேன். அதுலதான் உக்காருவா. சேர் வழுக்கிடும்னு நான் கண்ணை மூடிக்கிட்டு உள்ளயே நின்னு பிடிச்சுக்குவேன். இருபத்தாறு வயசுப் பொண்ணு சார். காலையில படுக்கையை விட்டு எழுந்திருக்கும்போது கத்துவா. இடுப்பு பூட்டிக்கும், அது விடற வரைக்கும் கத்துவா. அக்கம்பக்கம் கேட்டா நாளைக்கு யாரு கட்டிக்குவான்னு, அந்த நேரம் பார்த்து நான் மிக்ஸியைப் போட்டுருவேன். அவ நிறுத்தற வரைக்கும் ஓடும். உள்ள இருக்கறது சட்னியா தண்ணியான்னுகூடப் பார்க்க மாட்டேன்."

நீதிபதி சாட்சியத்தை வாக்கியம் வாக்கியமாகச் சொல்ல, பக்கத்தில் டைப்பிஸ்ட் அடித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்த வேலை அல்லவா, என் காது அந்தச் சத்தத்திலேயே இருக்கும். மிக்ஸி என்று அம்மா சொன்ன இடத்தில் அது நின்றது.  நீதிபதி, "போதும்மா, இறங்குங்க" என்றார்.

எனக்கு அப்போது பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அந்தச் சேரைப் பற்றி அத்தனை ஆண்கள் முன்னால் சொல்லிவிட்டாளே என்று அவமானம். அதற்குக் கீழே, நான் கத்துவது யாருக்கும் கேட்கவில்லை என்று இத்தனை நாள் நிம்மதியாக இருந்தேனே, அது அந்த மிக்ஸியால்தானா என்ற நினைப்பு. அம்மா இறங்கி வந்தவள் என் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவள் கையிலிருந்த கைக்குட்டையைப் பிடுங்கி என் மூக்கைச் சிந்தினேன்.

சில மாதங்களில் தீர்ப்பு வந்தது. ஜெயித்தோம். மூட்டு வைக்கப் போதுமானது கிடைத்தது. வைத்தார்கள். இன்றைக்கு நடக்கிறேன். அதற்கப்புறம் தரகர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை.

தீர்ப்பு நகல் கைக்கு வந்த அன்று அம்மா தையலை நிறுத்திவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. "எது எதுக்கு எவ்வளவு போட்டிருக்காங்க, ஒவ்வொண்ணா தமிழ்ல சொல்லு" என்றாள். நான் விரல் வைத்துப் படித்தேன். வைத்தியச் செலவு. வலிக்கும் வேதனைக்கும். போக்குவரத்து. சத்தான உணவு. கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கு. "அது நானா?" என்றாள். "நீதாம்மா" என்றேன். அடுத்த வரியில் விரல் நின்றுவிட்டது. திருமண வாய்ப்பை இழந்ததற்கு என்று போட்டு, அதற்கும் ஒரு தொகை எழுதியிருந்தது. எங்கள் வக்கீல் இதைக் கேட்டிருந்தார் என்பதே எனக்குத் தெரியாது.

"என்ன, நிறுத்திட்ட? அது எதுக்கு?"

"போக்குவரத்தும்மா."

"போக்குவரத்துதான் முன்னாடியே படிச்சியே?"

"அது போறதுக்கு. இது வர்றதுக்கு."

அம்மா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துத்தான் தெரியாது, என் குரல் அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து அடுக்களைக்குப் போனாள். சட்னிக்கு வேளை இல்லை அது, மத்தியானம் மூன்று மணி. மிக்ஸி ஓட ஆரம்பித்தது.